தலைகீழ் மண்வெட்டி

விடங்கப் பேரரையர் முப்பது வருடமாக ஒரே போர்க்களத்தில் நின்றுகொண்டிருந்தார். எதிரே கோளரித் தேவர். இருவருக்கும் தாடி நரைத்துவிட்டது. பேரரையரின் பட்டத்து யானைக்கு மூப்பு வந்து, ஒரு புளியமரத்தடியில் படுத்தபடி போரை வேடிக்கை பார்த்தது. வீரர்கள் களத்திலேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, பிள்ளைகளுக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு அரசர்களுக்கும் வீரம் நூற்றுக்கு நூறு. அதனால் யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் சாகவும் இல்லை.

இந்த மாதிரி அசிங்கங்களைச் சரிசெய்வதுதான் என் உத்தியோகம். பெயர் அங்கயற்கண்ணி. மதுரையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ‘தென்புலம்’ என்ற கணினி விளையாட்டை, அதாவது ‘மாட்’ ஒன்றை, நாங்கள்தான் நடத்துகிறோம். மாட் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெளிநாட்டுக்காரன் செய்த போர் விளையாட்டை எடுத்து, அவன் கோட்டைகளை இடித்துவிட்டு நம் கோட்டைகளைக் கட்டுவது. வாடகை வீட்டில் நம் சாமி படங்களை வைத்துக் கும்பிடுவது போலத்தான். சுவரில் ஓதம் ஏறினால் வீட்டுக்காரனைத் திட்டிக்கொள்ளலாம்.

ஆரம்பித்தவன் ஜெரால்டு, பாளையங்கோட்டைக்காரன். கல்லூரி விடுதியில் பொழுது போகாமல் தொடங்கினான். பிறகு செயற்கை அறிவு மலிவாகக் கிடைத்தது. கல்வெட்டு, செப்பேடு, பானை ஓடு, கண்மாய் வண்டல், வண்டலில் சிக்கிய மகரந்தம் என்று கிடைத்ததை எல்லாம் உள்ளே கொட்டினான். உள்ளே இருந்த ஆட்கள் தாமாக யோசிக்க ஆரம்பித்தார்கள். விதைத்தார்கள், பொறாமைப்பட்டார்கள், வெளியே இருந்து நாம் கேள்வி கேட்டால் பதில் சொன்னார்கள்.

கோளாறுகளுக்கும் பஞ்சமில்லை. ஒரு பதிப்பில், அரசனைப் புகழ்ந்து பாடினால் பொன் என்று வைத்தோம். ஒரே மழைக்காலத்தில் நாடு முழுக்க உழவர்கள் ஏரைப் போட்டுவிட்டுப் புலவர்களாகிவிட்டார்கள். அரண்மனை வாசலில் வரிசை நின்றது, வயலில் புல் நின்றது. அடுத்த கோடையில் மன்னர், மந்திரி, புலவர் எல்லோரும் பசியால் இறந்தார்கள். கடைசி மூச்சு வரை பாட்டு மட்டும் நிற்கவில்லை. இன்னொரு பதிப்பில் பெண் கொடுத்தால் போர் வராது என்று வைத்தோம். ஒரு குறுநில மன்னர் முந்நூறு கல்யாணம் செய்துகொண்டு, அத்தனை மாமியார்களுக்கும் பயந்து காட்டுக்கு ஓடிப்போனார்.

இவற்றை எல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்யவே முடியாத ஒரு கோளாறு உண்டு. அது கார்களில் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வரும்.

விடங்கர் பேரவைத் தலைவர் ராஜாங்கம் முதல்முறை வந்தபோது, பல் பிடுங்க வந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று வழிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, பையில் அரையரின் படம். சட்டையின் மடிப்புக்கு மட்டும் ஒரு ஆள் வேலை பார்த்திருப்பான்.

“எங்க ஐயாவுக்கு வீரம் எண்பத்தி ரெண்டாம்ல? கோளரிக்கு எண்பத்தி அஞ்சாம்ல? யாரு தம்பி அளந்தது?”

ஜெரால்டு அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். “சார், கல்வெட்டுல இருக்கிற தகவலை வச்சுக் கணினி போட்டது.”

“கல்வெட்டு கெடக்கு. கல்லுல வெட்டுனவன் கோளரி ஆளா இருந்திருப்பான். நூறு போடுங்க.”

போட்டோம். மறுவாரம் கோளரி பேரவை வந்தது. அவர்களுக்கும் போட்டோம். முன்பு ஒரு முறை வேறொரு பேரவைக்குப் போட மறுத்தபோது வாசலில் இருந்த கண்ணாடி உடைந்து, கீழே பல் டாக்டரின் நாற்காலி வரை சிதறியிருந்தது. அன்றிலிருந்து ஜெரால்டுக்கு வரலாற்றில் பிடிவாதம் போய்விட்டது.

ராஜாங்கம் திரும்ப வந்தார். இந்தமுறை வீரம் மட்டும் போதாதாம். கொடை, அறிவு, அழகு, பக்தி, நேர்மை, ஆறும் நூறாக இருக்க வேண்டும்.

“சார், ஒரு சின்ன விஷயம்” என்றான் ஜெரால்டு. “ஒரு வட்டாரத்துக்கு மொத்தம் இவ்வளவுதான்னு விளையாட்டுல ஒரு கணக்கு இருக்கு. ஒருத்தருக்கு ஏத்தினா இன்னொருத்தருக்குத் தானா எறங்கிடும். எங்கே இருந்து எடுக்கிறது?”

“பேர் தெரியாதவய்ங்க எம்புட்டுப் பேரு உள்ள கெடக்காய்ங்க. அவிங்ககிட்ட எடு.”

நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் கேட்டேன். “நேர்மையும் நூறா சார்?”

“என்னம்மா கேள்வி இது? எங்க ஐயாவுக்கு நேர்மை இல்லைங்கிறியா?”

“இல்ல சார். சாதாரணமா ராஜாக்களுக்கு எழுபதுக்கு மேல போட மாட்டோம். தூது, ஒப்பந்தம், வாக்கு மாறுறதுன்னு நிறைய வேலை இருக்கும்.”

“நூறு” என்றார், மேசையைத் தட்டி. நூறு போட்டேன். ஒரு புள்ளி குறைத்திருந்தாலும் கண்ணாடிக்குத்தான் ஆபத்து.

இதோடு போயிருந்தால் இது வெறும் விளையாட்டுக் கதை. ஆனால் அந்த வருடம்தான் மரபுச் சொத்துத் தீர்ப்பாயம் வந்தது. பத்திரம் இல்லாத பழைய குளம், கண்மாய், சத்திரம் எல்லாம் யாருக்கு என்று தீர்மானிப்பதற்கான அமைப்பு. யார் உண்டாக்கினார்களோ, அவர்கள் வாரிசுகளுக்கே நிர்வாகம் என்பது சட்டம். ஆயிரம் வருடத்துக்கு முன் யார் வெட்டினார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? எங்களிடம்தான். ஒருமுறை தென்புலம் சொன்ன இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் புதைந்த ஒரு மடை அப்படியே கிடைத்தது. அதன்பிறகு அரசாங்கத்துக்கு எங்கள்மேல் அசாத்திய பக்தி. பொதுமக்கள் விளையாடும் பதிப்பு எதுவோ அதுவே சாட்சி, வழக்குப் பதிவான பிறகு அதில் ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது என்று விதி போட்டார்கள். முந்நூறு கல்யாணம் செய்துகொண்ட மன்னரைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

முதல் வழக்கே கொம்பனேந்தல் கண்மாய். சிவகங்கைச் சீமையில் பொட்டல் நடுவே இருக்கும் ஊர். அந்தக் கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் திருப்பூர் பஸ். பேரவைக்கு அந்தக் கண்மாயின் பாதியைத் தூர்த்து அரையருக்கு மணிமண்டபம் கட்ட வேண்டும். மீதிப் பாதி கார் நிறுத்த.

ஊர் சார்பில் பஞ்சவர்ணம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கண்மாய்ப் பாசனச் சங்கத் தலைவி. நாற்பது வயது இருக்கும். வெயிலில் பஸ் மாறி வந்த களைப்பைத் துளியும் காட்டவில்லை.

“எங்க ஊர இந்தப் பொட்டியில காட்டு தாயி. எப்புடி இருக்குன்னு பாக்கணும்.”

எனக்குக் காட்ட மனமே இல்லை. காட்டினேன்.

திரையில் கொம்பனேந்தல் வந்தது. ஓலைக் குடிசைகள், கருவேலம், நடுவே கண்மாய். கரையில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு காம்பால் மண்ணைக் கிண்டினார்கள். ஒருவன் மடையைத் திறக்க வந்து, எதற்கு வந்தோம் என்று மறந்து, முழங்கால் தண்ணீரில் வாயைப் பிளந்து நின்றான். தலைக்கு மேல் அவனுடைய எண் மிதந்தது. அறிவு: மூன்று.

பஞ்சவர்ணம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“இவிங்க யாரு?”

“உங்க ஊர்க்காரங்க அக்கா. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி.”

“எங்க பாட்டனுக்குப் பாட்டன்லாம் கிறுக்கய்ங்களா?”

“இல்ல அக்கா. அரையருக்கு ஆறும் நூறாக்கச் சொன்னாங்க. ஏத்தினது எல்லாம் அந்த வட்டாரத்துல பேர் இல்லாதவங்ககிட்ட இருந்துதான் எறங்கியிருக்கு. உங்க ஊரு அரண்மனைக்குப் பக்கம். அதனால அதிகமா எறங்கிடுச்சு.”

“சரி, கண்மாய் யாரு பேருல இருக்கு?”

அது இரண்டாவது கோளாறு. வெளிநாட்டுக்காரன் விளையாட்டில் சொந்தக்காரன் இல்லாத கட்டடமே கிடையாது. ஊர் கூடி ஒன்றைச் செய்யும் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. யார் பெயரும் இல்லாவிட்டால், பக்கத்தில் பெயர் உள்ள பெரிய மனிதன் யாரோ அவன் தலையில் கட்டிவிடும். ஜெரால்டுக்கு இது வருடக்கணக்காகத் தெரியும். இதைச் சரிசெய்தால் எல்லா அரசர்களுக்கும் பாதிக் கோயில், முக்கால்வாசிக் குளம் கையைவிட்டுப் போய்விடும், அத்தனை பேரவையும் கீழே வந்து நிற்கும் என்று சும்மா இருந்துவிட்டான்.

“அரையர் பேருல” என்றேன்.

“வெட்டத் தெரியாத கிறுக்கய்ங்க ஊருல ராசா வந்து வெட்டிக் குடுத்தாருன்னு வக்கீலு சொல்லுவான். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“மாத்த முடியாதா?”

“தீர்ப்பு வர்ற வரைக்கும் தொடக்கூடாது. தொட்டா எங்களை உள்ள வச்சிருவாங்க.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்று நினைத்தேன். வேர்வை இல்லை. எனக்கு ராஜாங்கத்தின் மேல் கோபம் வந்தது, ஜெரால்டின் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

“எந் தம்பி ரெண்டு பேரு திருப்பூருல பனியன் கம்பெனியில கெடக்கான் தாயி. இந்த வருசம் கண்மாய் பெருகிருச்சு, வாங்கடான்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அவர் எழுந்தபோது வாசல் வரை கூடப் போனேன்.

“அக்கா, ஒண்ணு மட்டும் செய்யுங்க. தீர்ப்பாயத்துல அரையரையே திரையில கூப்பிட்டு விசாரிக்கப் போறாங்க. பேரவைதான் கேட்டு வாங்கியிருக்கு, கூட்டத்துக்கு நடுவுல அவர் வாயால சொல்லணும்னு. கணக்குல என்ன இருந்தாலும் அவர் சொல்ற வாக்குமூலம்தான் பெருசுன்னு அவங்க வக்கீலே வாதாடி உத்தரவு வாங்கி வச்சிருக்கார். உங்க முறை வரும்போது சுத்தி வளைக்காம நேராக் கேளுங்க.”

“அவன் ராசா தாயி. நமக்கா சொல்லப் போறான்?”

“கேட்டுப் பாருங்க.”

விசாரணை நாளில் தீர்ப்பாயத்தின் கூடம் திருவிழாவாக இருந்தது. பேரவை வெளியே பந்தல் போட்டு மோர் கொடுத்தது. திரைக்கு மாலை போட்டிருந்தார்கள். தீர்ப்பாயத் தலைவர் அதைக் கழற்றச் சொல்லி மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

நான் விசையைத் தட்டினேன். போர்க்களத்திலிருந்து விடங்கப் பேரரையர் திரைக்கு வந்தார். கூட்டம் எழுந்து வாழ்த்து முழங்கியது. ராஜாங்கம் கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார், கண்ணில் தண்ணீர். அது நடிப்பில்லை என்று சத்தியம் செய்வேன். அரையர் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்.

“யாம் சற்று அமரலாமா?”

முப்பது வருடமாக நின்றவர் பாவம். தலைவர் அனுமதித்தார். அரையர் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

பேரவை வக்கீல் எழுந்தார். “கருணைக் கடலே! தங்கள் திருப்பெயரில் உள்ள கொம்பனேந்தல் கண்மாயைத் தாங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்களா?”

“நன்றாக நினைவிருக்கிறது.”

“அக்கண்மாயின் நீரால் உயிர்கள் தழைத்தன அல்லவா?”

“தழைத்தன.”

“இது போதும் கனம் தலைவர் அவர்களே” என்று வக்கீல் வெற்றிச் சிரிப்போடு உட்கார்ந்தார். கைதட்டல் ஓய நேரம் பிடித்தது.

பஞ்சவர்ணம் எழுந்தார். அவருக்கு வக்கீல் கிடையாது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு திரைக்கு நேரே போய் நின்றார்.

“ஐயா, கும்புடுறேன். அந்தக் கண்மாய வெட்டுனது நீங்களா?”

“இல்லை, அம்மா.”

வக்கீலின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?”

“இளமையில் படையோடு அவ்வழியே போனேன். கண்மாய் முன்பே இருந்தது. என் யானை இறங்கிக் கரையை உடைத்துவிட்டது. ஊரார் திரண்டு வந்து ஏசினார்கள். நான் குதிரையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். அக்கண்மாய்க்கு நான் செய்த காரியம் அதன் கரையை உடைத்தது ஒன்றுதான்.”

ராஜாங்கம் எழுந்துவிட்டார். “ஐயா! என்னய்யா இது? வெட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா! அந்தக் கிறுக்கய்ங்களுக்கு என்னய்யா தெரியும்?”

அரையர் தலையை அசைத்தார். “மெய்தான். அவர்கள் மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் அவர்களே வெட்டினார்கள். காம்பால் கிண்டிக் கிண்டி, தாத்தன் விட்ட இடத்தில் பேரன் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக வெட்டினார்கள். வேறொருவன் வெட்டியதை என்னுடையது என்று சொல்ல என் நா எழவில்லை. என்னை மன்னியுங்கள்.”

ராஜாங்கம் நாற்காலியில் விழுந்தார். வக்கீல், இது கணினிக் கோளாறு, கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்று கத்தினார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கணக்கைவிட வாக்குமூலமே பெரிது என்று நீங்கள்தானே என்னிடம் உத்தரவு வாங்கினீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

கண்மாய் ஊருக்கே என்று தீர்ப்பு வந்தது. பஞ்சவர்ணம் கூடத்தின் நடுவில் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஜெரால்டு மட்டும் வாசல் கண்ணாடியை நினைத்து வெளிறிப் போயிருந்தான்.

கண்ணாடி உடையவில்லை. மறுநாளே ராஜாங்கம் வந்தார். சட்டையில் மடிப்பு கொஞ்சம் கலைந்திருந்தது.

“தம்பி, ஐயாவுக்கு அந்த நேர்மைய மட்டும் எறக்கி விட்ருங்க. ராசான்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கணும்.”

இறக்கினோம். இறக்கிய கையோடு அரையர் போர்க்களத்தில் கோளரியிடம் சமாதானம் பேசி, அவர் திரும்பியதும் முதுகில் குத்தி, முப்பது வருடப் போரை முடித்துவைத்தார். பேரவை பட்டாசு வெடித்தது.

அதன்பிறகு, தை கழிந்து கோடையில், பஞ்சவர்ணம் வந்தார். கண்மாய் வற்றி, மீன்பிடித் திருவிழா முடிந்த கையோடு வந்திருந்தார். கூடையில் விரால். பின்னால் சட்டை மடிப்புக் கலையாமல் அவருடைய தம்பிகள் இருவர். திருப்பூரிலிருந்து வந்துவிட்டார்கள் என்று பார்த்ததும் எனக்கு அத்தனை சந்தோஷம்.

“மீன் ஒனக்குத்தான் தாயி. கொழம்பு வையி.” கூடையை என் மேசையிலேயே வைத்தார். “ஒரு சின்ன காரியம். கண்மாய் வெட்டுனது எங்க பாட்டன் மாடக்கருப்பன் வகையறா. அவருக்குச் சிலை வைக்கப் போறோம். ஒங்க பொட்டிக்குள்ள அவரையும் ராசாவாக்கி, எல்லாம் நூறு போட்டுக் குடு.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அக்கா, உங்களுக்கே தெரியும். மொத்தக் கணக்கு மாறாது. அவருக்கு ஏத்தினா யாருக்காவது எறங்கணும்.”

“எறங்கட்டும்.”

“யாருக்கு?”

தம்பிகளைத் திரும்பிப் பார்த்தார். பெரிய தம்பி காதில் ஏதோ சொன்னான்.

“சித்தனேந்தல்காரய்ங்களுக்கு. எங்க கண்மாய் நெறஞ்சு மறுகா பாஞ்சுதான் அவிங்க கண்மாய் பெருகுது. அதுக்கு இப்ப உரிமை கேட்டு கேசு போடப் போறாய்ங்களாம். அவிங்களுக்கு எதுக்கு இம்புட்டு அறிவு?”

மூன்று என்ற எண்ணைப் பார்த்துக் கண்ணைத் துடைத்த அதே முகம்தான் என் முன்னால் இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கத் தோன்றியது.

“நேர்மையும் நூறா அக்கா?”

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தார். தீர்ப்பாயத்தில் திரைக்கு முன்னால் நின்றது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“அத மட்டும் கொறச்சே போடு தாயி. நாளைக்குக் கூப்புட்டுக் கேட்டாய்ங்கன்னா நமக்கு ஒத்து வரணும்ல.”

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். முடியாது என்று சொல்லவும் சொன்னேன். தம்பிகள் இருவரும் திரும்பி வாசல் கண்ணாடியைப் பார்த்தார்கள். ஜெரால்டும் பார்த்தான். பிறகு அவனே எழுந்து வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டு எண்களை அடித்தான்.

அவர்கள் போன பிறகு சித்தனேந்தலைத் திரையில் திறந்தேன். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் ஓரமாக ஒரு ஆள் மண் வெட்டிக்கொண்டிருந்தான். சட்டென்று நிறுத்தினான். கையிலிருந்த மண்வெட்டியைப் புதிதாகப் பார்ப்பது போல ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அதை மெல்லத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.